அம்மாவின் ஏழரை மணித் தொடரும் எங்கள் புதிய தொலைக்காட்சியும்: சந்தாவை நிறுத்திவிடலாமா?

செந்தூல்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் 11ஆவது மாடியில் நாங்கள் ஐவர் இருக்கிறோம்: என் தாயார், மனைவி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், படிவம் 4 பயிலும் மகன், நான். வீட்டில் தொலைக்காட்சி ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அதைப் பார்ப்பவரும் அம்மா ஒருவர்தான். மற்ற நால்வரும் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிவிடுகிறோம்.

தீபாவளிக்கு முன்பு பழைய தொலைக்காட்சியின் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்துவிட்டதால், 55 அங்குலத்தில் புதியது ஒன்றை வாங்கினோம். அம்மா அதுவரை ஒரே ஒரு ரிமோட்டைத்தான் அறிவார். பிளாஸ்டிக் உறை போட்டு, இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் மாட்டி, பூசை அலமாரிக்குக் கீழே வைத்திருப்பார். அதில் 2, 0, 1 ஆகிய பொத்தான்களின் எழுத்து தேய்ந்து போயிருக்கும். புதிய தொலைக்காட்சியோடு வந்த ரிமோட்டில் எண்களே கிடையாது. நடுவில் ஒரு வட்டம், அதன் கீழே நான்கு நிறுவனங்களின் சின்னம், மேலே ஒரு மைக், அவ்வளவுதான். தொலைக்காட்சியைத் திறந்தால் டிகோடரின் (செயற்கைக்கோள் சேனல்களைத் தரும் பெட்டியின்) படம் வருவதில்லை. செயலிகள் வரிசையாக நிற்கும் முகப்புப் பக்கம்தான் வருகிறது.

ஒரு நாள் வேலை முடிந்து 8 மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் "யார் பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வியும், அதன் கீழே ஐந்து வட்டங்களில் ஐந்து பொம்மை முகங்களும் இருந்தன. ஒன்றின் கீழே "பாட்டி" என்று என் மகன் எழுதி வைத்திருக்கிறான். "விளம்பரம் முடியட்டும் என்று காத்திருக்கிறேன்" என்றார் அம்மா. ஏழரை மணித் தொடர் அதற்குள் முடிந்திருந்தது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். செயற்கைக்கோள் சேவையின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அதற்கு மாதம் 150 வெள்ளிக்கு மேல் கட்டுகிறோம். இதைத் தவிர இரண்டு செயலிகளுக்குத் தனிச் சந்தா. வெளிநாட்டு எண்மச் சேவைகளுக்கு 2020 தொடக்கத்தில் 6 விழுக்காடாக வந்த வரி, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடாகிவிட்டதும் உங்களுக்குத் தெரியும். செயற்கைக்கோள் சேவையை அடியோடு நிறுத்திவிட்டு இணையத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது மகனின் கட்சி. "அத்தையிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்" என்கிறார் மனைவி. அம்மாவிடம் கேட்டால், "உங்கள் வசதிப்படி செய்யுங்கள்" என்கிறார். அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்பது பிள்ளைகளாகப் பிறந்த நம் எல்லாருக்கும் தெரியும்.

இப்படி மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னொன்றும் தெரிய வேண்டும். செயலிகளில் வரும் புதிய தமிழ்த் தொடர்கள், மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் தரத்தில் இருக்கின்றனவா, அல்லது கைப்பேசியில் தனியாகப் பார்ப்பதற்கென்றே எடுக்கப்படுகின்றனவா?

பிரிக்பீல்ட்ஸ் இளைஞன்:

அண்ணே, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள் சேவையை நிறுத்திவிடுங்கள். நான் மூன்று ஆண்டுகளாகத் தொலைக்காட்சிச் சேனல் எதையும் பார்த்ததில்லை. எதையும் இழந்ததாகவும் தோன்றவில்லை. எங்கள் அறையில் நான்கு பேர் ஒரே கணக்கைப் பங்கிட்டுக்கொள்கிறோம். தொடர்களை அம்மா எப்படியும் யூடியூப்பில் துண்டு துண்டாகப் பார்த்துவிடுவார். அதுவும் வேண்டாம் என்றால், எல்லா நாட்டுச் சேனல்களும் உள்ள ஆண்டிராய்டு பெட்டி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. என் மாமா வீட்டில் அதுதான் ஓடுகிறது.

ஜாலான் ஈப்போ ஒயர்மேன்:

செந்தூல் அண்ணனுக்கு வணக்கம். நான் 19 ஆண்டுகளாக ஒயரிங் வேலை செய்கிறேன். தொலைக்காட்சி மாட்டுவதும் செயற்கைக்கோள் தட்டு திருப்புவதும் அதில் பாதி. முதலில் தம்பி சொன்ன பெட்டியைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் மாதம் ஒருவராவது அதை வாங்கி வந்து என்னிடம் மாட்டச் சொல்கிறார். பதிப்புரிமைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. திருட்டு ஒளிபரப்புக்கு வழிசெய்யும் இப்படிப்பட்ட கருவிகளைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் ஆகியோருக்குக் குறைந்தது 10,000 வெள்ளி, கூடினால் 200,000 வெள்ளி வரை அபராதமும் 20 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க அதில் இடமுண்டு. சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். அந்தப் பெட்டிகள் எந்த நாளில் நிற்கும் என்பது விற்றவருக்கே தெரியாது. நின்ற பிறகு போய்ப் பார்த்தால் கடையில் வேறு ஆள் தொப்பி விற்றுக்கொண்டிருப்பார். இளைஞர் அறையில் அது நின்றுபோனால் சிரித்துவிட்டுப் போகலாம். தொடருக்காகக் காத்திருக்கும் பெரியவருக்கு அது சரிப்படாது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த வரையில், அம்மாவின் சிரமம் சந்தாவில் இல்லை, தொலைக்காட்சியைத் திறந்தவுடன் என்ன வருகிறது என்பதில்தான் இருக்கிறது. அதற்குக் காசு செலவில்லாத வழி உண்டு. தொலைக்காட்சியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், திறக்கும்போது முகப்புப் பக்கத்துக்குப் பதிலாகக் கடைசியாகப் பார்த்த இணைப்பே வரும்படி மாற்றுங்கள். பெரும்பாலான புதிய தொலைக்காட்சிகளில் இந்த வசதி இருக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர்தான் வேறு. அடுத்து, எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிகோடரும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று எழுப்பும் வசதியைத் திறந்துவிடுங்கள். டிகோடர் அதற்கு ஒத்துழைக்கும் வகையாக இருந்தால், அம்மா தன் பழைய ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் தொலைக்காட்சியும் தானாகத் திறந்து, சரியான இணைப்புக்கு மாறிவிடும். புதிய ரிமோட்டை மகனின் அறையில் வைத்துவிடுங்கள். அம்மா கண்ணில் அது படவே வேண்டாம்.

சந்தாவை முழுதாக நிறுத்துவதாக இருந்தால், கூரை ஆண்டெனாவை மறந்துவிடாதீர்கள். பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுவதும் நின்றுவிட்டது. இப்போது இலவச ஒளிபரப்பு முழுவதும் டிவிபி-டி2 என்ற எண்ம முறையில்தான் வருகிறது. அண்மையில் வாங்கிய தொலைக்காட்சி என்றால் அதற்கான டியூனர் உள்ளேயே இருக்கும். யுஎச்எஃப் ஆண்டெனா ஒன்று வாங்கிச் செருகினால் போதும். அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் தமிழ்ச் செய்திக்கு அதுவே தாராளம். உங்கள் 11ஆவது மாடியில் சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து, சன்னலோரத்தில் வைக்கும் சிறிய ஆண்டெனாவே போதுமானதாக இருக்கலாம்.

மழையைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் காரணம் காட்டித்தான் பாதிப் பேர் சந்தாவை நிறுத்துகிறார்கள். வீட்டுத் தட்டுக்கு வரும் அலை ஏறக்குறைய 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சேர்ந்தது. அந்த அளவு சிறிய அலையைப் பெரிய மழைத்துளிகள் விழுங்கியும் சிதறடித்தும் விடும். தட்டு பார்க்கும் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய நம் உச்சிக்கு மேலே, சற்று மேற்கே தள்ளி இருக்கிறது. ஆகவே நம் தலைக்கு மேல் நிற்கும் மேகம்தான் படத்தை மறைக்கிறது. பத்து மலைப் பக்கம் மழை கொட்டினாலும் செந்தூலில் தொடர் ஓடும். மாலை நேர மழையில் கால் மணி நேரம் படம் போவது வானத்தின் வேலை. ஆனால் தூறலுக்கே படம் போகிறது என்றால் தட்டு அசைந்திருக்கும், அல்லது கம்பியின் முனையில் துரு ஏறியிருக்கும். அது என்னைப் போன்றவர்களின் வேலை.

இணையத்தைப் பொறுத்தவரை, 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட்டும், சாதாரண முழு எச்டி படத்துக்கு 5 மெகாபிட்டும் போதும் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு. உங்கள் இணையம் அதைவிடப் பல மடங்கு வேகமாகத்தான் இருக்கும். அப்படியும் படம் நடுவில் சுற்றிக்கொண்டு நின்றால் குற்றம் வீட்டுச் சுவரில் இருக்கும். பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் ரௌட்டரை வாசல் பக்கத்துச் செருப்பு அலமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வரவேற்பறைக்கு வருவதற்குள் இரண்டு கான்கிரீட் சுவர்கள் வந்துவிடும். தொலைக்காட்சிக்கு மட்டும் ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

பட்டர்வொர்த் ஆசிரியை (பணி ஓய்வு):

செந்தூல் தம்பிக்கு வணக்கம். ஒயர்மேன் தம்பி திசைகளைப் பற்றி எழுதியதைப் படித்தபோது, எங்கள் வீட்டு ஆண்டெனா வடக்கே கெடாவின் ஜெராய் மலையைப் பார்த்து நிற்பது நினைவுக்கு வந்தது. அதை ஒழுங்காகத் திருப்பி வைத்த என் கணவர், காலை கோப்பி குடிக்கும்போது அந்த மலையைக் காட்டி, "அதோ நம் தொலைக்காட்சி" என்பார். போகட்டும், நான் நிகழ்ச்சிகளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நெடுந்தொடரை இளைஞர்கள் கேலி செய்வது எனக்கு உடன்பாடில்லை. நானும் ஒரு காலத்தில் கேலி செய்தவள்தான். ஓய்வு பெற்ற பிறகு, அடுப்படியில் நின்றபடி அவற்றைப் பின்தொடர ஆரம்பித்தபோதுதான் அவற்றின் கட்டுமானம் எனக்குப் புரிந்தது. நெடுந்தொடர் காதால் பார்ப்பதற்காக எழுதப்படுகிறது. ஒரு பாத்திரம் கதவைத் திறந்து உள்ளே வந்தால், "வாங்க சம்பந்தி, நேற்று நீங்கள் போட்ட சண்டைக்குப் பிறகும் இந்த வாசல்படி ஏறியிருக்கிறீர்களே" என்று இன்னொரு பாத்திரம் சொல்லிவிடும். வந்தவர் யார், நேற்று நடந்தது என்ன, இன்று நடக்கப் போவது என்ன என்ற மூன்று செய்திகளும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. குழம்பைக் கிண்டிக்கொண்டே கதையைப் பிடித்துவிடலாம். நாம் சலித்துக்கொள்ளும் அந்தத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், பார்ப்பவர் வேலையாக இருப்பார் என்ற மரியாதையில் பிறந்தது. 2002 முதல் 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி'யை, 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சன் டிவி மறுபடியும் ஒளிபரப்பியது. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் எந்த நாளில் உட்கார்ந்தாலும் கதை புரிந்ததற்கு அந்த எழுத்துமுறையே காரணம் என்று நினைக்கிறேன்.

செயலிகளில் வரும் தொடர்கள் இதற்கு நேர்மாறானவை. அவற்றில் செய்தி படத்தில் இருக்கிறது; வசனத்தில் இல்லை. ஒருவர் மேசையிலிருந்து எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போடுவார், ஒரு சொல்லும் பேச மாட்டார். அந்த நேரத்தில் நீங்கள் மைலோ கலக்கப் போயிருந்தால் நான்காம் பகுதியில் விழிப்பீர்கள். ஆகவே, அம்மாவுக்கு அவை பிடிக்கவில்லை என்றால் அவருடைய ரசனையில் குறை காணாதீர்கள். அந்தத் தொடர்கள் வேறொரு விதமான உட்காருதலைக் கேட்கின்றன.

தரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கதையை உடைக்காமல் சொல்லப் பார்க்கிறேன். 2022 ஜூனில் பிரைம் வீடியோவில் வந்த 'சுழல்' எட்டுப் பகுதிகள் கொண்டது. புஷ்கர், காயத்ரி இருவரும் எழுதியது. ஒரு சிற்றூரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் காணாமல் போகிறாள். திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் கடிகார முள் போலப் பயன்படுத்தியிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கூத்தும் சடங்கும் அலங்காரமாக நிற்காமல் கதையை நகர்த்துகின்றன. கடைசி இரண்டு பகுதிகளில் திருப்பத்துக்கு மேல் திருப்பம் அடுக்கியதைக் குறைத்திருக்கலாம். ஆனால் சிறார்மீதான கொடுமை கதையின் மையத்தில் இருப்பதால், மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்க்க அது ஏற்றதில்லை. பல்கலைக்கழக மகளோடு நீங்களும் மனைவியும் பார்க்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'வதந்தி'யில், இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஊர்வாய் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டியதில் அது 'சுழலை' மிஞ்சுகிறது, நடையில் மந்தம். ஜீ5இல் 2022 பிப்ரவரியில் வந்த 'விலங்கு' ஏழே பகுதிகள். விமல் நடித்தது. ஒரு காவல் நிலையத்தின் அன்றாட அலுப்பை இவ்வளவு நம்பும்படியாக நான் தமிழில் பார்த்ததில்லை. இறுக்கம் என்று பார்த்தால் மூன்றிலும் இதற்கே முதலிடம் தருவேன், ஆனாலும் வன்முறை உண்டு.

நீங்கள் கவனித்தீர்களா, நான் சொன்ன மூன்றுமே குற்றக் கதைகள். தமிழில் செயலித் தொடர் என்றால் பிணம் ஒன்று கிடக்க வேண்டும் என்றாகிவிட்டது. எனக்கு இருக்கும் பெரிய குறை அதுதான். 2024 மார்ச்சில் ஹாட்ஸ்டாரில் தொடங்கிய 'ஹார்ட் பீட்' மட்டும் வேறு வழியில் போனது. மருத்துவமனையில் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களின் கதை, வாரந்தோறும் புதிய பகுதிகளாக வந்தது. நெடுந்தொடரின் ஓட்டமும் செயலித் தொடரின் படப்பிடிப்பும் பாதிப் பாதி கலந்தது. உங்கள் அம்மா ஏற்றுக்கொள்ளக்கூடிய பாலம் ஒன்று இருந்தால் அது இந்த வகைதான். எந்தத் தொடர் எந்தச் செயலியில் நம் நாட்டில் கிடைக்கிறது என்பதைச் சந்தா கட்டும் முன்பே தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

நம் உள்ளூர்த் தொடர்களையும் மறக்க வேண்டாம். ஆஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் சேனல்கள் தயாரிக்கும் குறுந்தொடர்களில் பின்னணி இசை வசனத்தை மூழ்கடிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவது உண்மை. ஆனால் ஒரு பாத்திரம் "பாசார் மாலாமுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று இரவுச் சந்தையைச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது, அந்தத் தெரு என் தெருவாக இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் எந்தத் தொடரும் அதை எனக்குத் தராது. இரண்டாண்டு இழுக்காமல் சில வாரங்களில் முடிவதும் ஒரு நிம்மதி.

செந்தூல்வாசி:

ஆசிரியை அம்மாவுக்கும் ஒயர்மேன் தம்பிக்கும் மிக்க நன்றி. "காதால் பார்ப்பது" என்று நீங்கள் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா தொடர் பார்க்கும்போது கீரை ஆய்ந்துகொண்டே இருப்பார். பாதி நேரம் தலையே நிமிராது. இதை நான் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தும் கவனித்ததில்லை.

ஒயர்மேன் தம்பியிடம் ஒரு சந்தேகம். நீங்கள் சொன்னபடி திறக்கும் இணைப்பை மாற்றிவிட்டேன். பழைய ரிமோட்டே இப்போது இரண்டையும் திறக்கிறது. ஆனால் செயலித் தொடர்களை இந்தப் புதிய தொலைக்காட்சியில் பார்த்தால், ஆட்கள் நடப்பது வழுக்கிக்கொண்டு போவதுபோல் ஏதோ செயற்கையாக இருக்கிறது. இரவுக் காட்சிகளில் ஒன்றும் தெரிவதில்லை. பேச்சு மெதுவாகவும் வெடிச் சத்தம் காதைப் பிளப்பதாகவும் இருக்கிறது. தொலைக்காட்சியில் கோளாறா?

ஜாலான் ஈப்போ ஒயர்மேன்:

கோளாறு இல்லை அண்ணே. கடையில் பளிச்சென்று தெரிவதற்காக ஆலையிலேயே அப்படி வைத்து அனுப்புகிறார்கள். தொடர்களும் திரைப்படங்களும் பெரும்பாலும் நொடிக்கு 24 அல்லது 25 படங்களாக எடுக்கப்படுகின்றன. தொலைக்காட்சி நடுநடுவே தானாகப் படங்களைக் கற்பனை செய்து செருகுவதால்தான் அந்த வழுக்கல். அசைவை மென்மையாக்கும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். பட வகையில் "விவிட்" என்பதிலிருந்து "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்" வகைக்கு மாற்றுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும். மூன்றாம் நாள் கண் பழகிவிடும். இரவுக் காட்சிகளுக்கு, வரவேற்பறையின் நீளக் குழல் விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு சிறிய மஞ்சள் விளக்கை மட்டும் எரியவிடுங்கள். பாதிச் சிக்கல் திரையில் விழும் குழல் விளக்கின் பிரதிபலிப்புதான்.

ஒலிக்கு: செயலித் தொடர்கள் ஆறு ஒலிபெருக்கிகளை மனத்தில் வைத்துக் கலக்கப்படுகின்றன. அதில் பேச்சு நடு ஒலிபெருக்கிக்கு உரியது. மெல்லிய தொலைக்காட்சியில் இரண்டே சிறிய ஒலிபெருக்கிகள், அவையும் கீழ்நோக்கி. செயலிக்குள் ஒலித் தெரிவில் 5.1 என்று இருந்தால் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். தொலைக்காட்சியில் இரவு நேர ஒலி என்று ஒன்று இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். இதற்கும் மேல் வேண்டுமென்றால்தான் சவுண்ட்பார். முதலிலேயே அதை வாங்கிவிடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் பேத்தி:

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். சந்தாவை முழுதாக நிறுத்திப் பார்த்த வீடு எங்கள் வீடு என்பதால், என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டிக்கு 81 வயது. தோட்டத்தில் இருந்த காலத்தில், வாரத்தில் ஒரு நாள் தமிழ்ப் படம் போட்டால், கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டுச் சன்னலுக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர். நாங்கள் சேவையை நிறுத்திவிட்டு, அவருக்கென ஒரு செயலியில் கணக்கு திறந்து, அவர் பார்க்கும் மூன்று தொடர்களையும் முதல் வரிசையில் வைத்துக் கொடுத்தோம். அவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. இரவு 8 மணிக்கே படுக்கப் போக ஆரம்பித்தார், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னாராம்: "நான் கேட்டால்தான் அது வருகிறது. ஒவ்வொரு நாளும் போய்க் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது." அந்த வாரமே மிகக் குறைந்த தொகுப்பில் சேவையைத் திரும்ப எடுத்தோம், விளையாட்டு, ஆங்கிலப் படங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, தமிழ்ச் சேனல்களை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆகவே அண்ணன் அவர்களே, நிறுத்துவதா வேண்டாமா என்று பார்க்காமல் எதையெல்லாம் குறைக்கலாம் என்று பாருங்கள். ஒப்பந்தம் முடியும் மாதத்தில் தொலைபேசியில் கேட்டால் விலை குறைவதும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. நாங்கள் நிறுத்தியபோது தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிட்டோம். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பில் வந்தது. டிகோடரைத் திரும்பக் கொடுத்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டார்கள். எதைக் குறைத்தாலும், எதைத் திருப்பிக் கொடுத்தாலும், மின்னஞ்சலில் எழுத்துமூலமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி சொன்ன கணக்குப் பங்கீட்டைப் பற்றி: ஒரே அறையில் நால்வர் இருப்பதால் அவருக்குச் சரி. வெவ்வேறு வீட்டில் இருப்பவர்கள் ஒரு கணக்கைப் பங்கிடுவதை 2023இலிருந்து நெட்ஃபிளிக்ஸ் கட்டுப்படுத்திவிட்டது. என் அண்ணன் கூலிமுக்கு மாறிப் போனதும் எங்களுக்கு அது தெரிந்தது.

செந்தூல்வாசி (மூன்று வாரங்களுக்குப் பிறகு):

நடந்ததை எழுதிவிடுகிறேன். செயற்கைக்கோள் சேவையை நிறுத்தவில்லை. தமிழ்த் தொகுப்பு மட்டும் என்று குறைத்துக்கொண்டோம். மின்னஞ்சலில் உறுதியும் வாங்கியாயிற்று. செயலிகளில் ஒன்றை நிறுத்தினோம். எதை நிறுத்துவது என்பதில் மகனும் மகளும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஏழரை மணி இப்போது முழுக்க முழுக்க அம்மாவுடையது. யாரும் ரிமோட்டைத் தொடுவதில்லை.

சனிக்கிழமை இரவில் மட்டும் எல்லாரும் சேர்ந்து ஒரு செயலித் தொடர் பார்ப்பது என்று முடிவு செய்து, ஆசிரியை அம்மா சொன்ன மருத்துவமனைத் தொடரில் ஆரம்பித்தோம். முதல் பகுதி முடிந்ததும் திரையின் மூலையில் அடுத்த பகுதிக்கான எண்ணிக்கை 5, 4, 3 என்று ஓடத் தொடங்கியது. அம்மா பதறிப் போய், "நிறுத்து, நிறுத்து, அடுத்தது நாளைக்குத்தானே?" என்றார். இப்போதே பார்க்கலாம் பாட்டி, எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்று மகன் விளக்கினான். அம்மா அதை நம்பவில்லையா, நம்பியும் விரும்பவில்லையா என்று தெரியவில்லை. "இருக்கட்டும், நாளைக்கே வரட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசல் கதவைப் பூட்டப் போய்விட்டார். இப்போது நாங்களும் சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என்றுதான் பார்க்கிறோம். மகன் மட்டும் முன்பே கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறான் என்று எனக்குச் சந்தேகம். அடுத்து என்ன நடக்கும் என்று பாட்டி ஊகிக்கும்போதெல்லாம் அவன் கூரையைப் பார்க்கிறான்.

ஒயர்மேன் தம்பி, பழைய ரிமோட்டில் 2ஆம் எண் இப்போது இரண்டு முறை அழுத்தினால்தான் வேலை செய்கிறது. அதே மாதிரி ரிமோட் தனியாக எங்கே கிடைக்கும்?

ஜாலான் ஈப்போ ஒயர்மேன்:

உடனே புதியது வாங்க வேண்டாம் அண்ணே. பின்பக்கத்தைத் திறந்து, ரப்பர் பொத்தான்களுக்குக் கீழே உள்ள கறுப்புப் புள்ளிகளைப் பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு மூடுங்கள். அப்படியும் வேலை செய்யாவிட்டால் பழைய ரிமோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு மின்சாதன உதிரிபாகக் கடைக்குப் போங்கள். பொத்தான்கள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். அம்மா பார்க்காமல்தான் அழுத்துவார்.